ஒரு வீட்டுக்காகப் பதினான்கு வீடுகள்

ஜோகூர் மாநிலத்து லாபிஸ் வட்டாரத்தில் சதாசிவத்தைக் 'கொசு ஆபீசர்' என்றால்தான் தெரியும். புகையடிக்கிற வண்டிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போய், ஜன்னலைச் சாத்துங்கள், மீன் தொட்டியை மூடுங்கள் என்று சொல்லிக்கொண்டு போகிறவர். வயது ஐம்பத்தொன்று. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இருபத்தாறு வருஷ உத்தியோகம். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தங்கள் வீட்டுப் பின்னால் தேங்கி நிற்கிற சாக்கடையைப் பற்றிப் புகார் சொல்வார்கள்.

கொசு அவருடைய வேலையில் பாதிதான். மறுபாதி என்ன என்பது அவர் மனைவி செல்வராணிக்கே முழுசாகத் தெரியாது. காசநோய்க்காரர் மருந்தை நடுவில் விட்டுவிட்டால், எச்.ஐ.வி. சோதனைக்கு இரத்தம் கொடுத்தவர் முடிவு கேட்க வராமல் போய்விட்டால், அவரைத் தேடிப் பிடித்துக் கிளினிக்குக்கு வரவைப்பது அந்த மறுபாதி. எதற்காகத் தேடுகிறோம் என்பதைத் தேடப்படுகிறவரிடம் மட்டுமே சொல்லலாம். அவருடைய அம்மாவிடம் சொல்லக் கூடாது, முதலாளியிடம் சொல்லக் கூடாது, கட்டினவளிடமும் சொல்லக் கூடாது. மூன்று தடவை போய்ப் பார்த்து ஆள் கிடைக்காவிட்டால் 'காணவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தின் வழக்கம் அது.

அந்த வழக்கத்தை அவர் நெடுங்காலம் பின்பற்றினார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீரமுத்து என்கிற லாரி உதவியாளரை மூன்று தடவை தேடினார். முதல் தடவை வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை ஆள் குவாந்தானுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது தடவை நாய்தான் குரைத்தது. எழுதி மூடிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து வேறொரு வேலையாக மருத்துவமனை வார்டுக்குப் போனபோது ஜன்னலோரக் கட்டிலில் ஒரு ஆள் கிடந்தார். எலும்பும் தோலும். கட்டிலில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்தபிறகுதான் சதாசிவத்துக்கு அது யார் என்று விளங்கியது. முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். யாரும் சதாசிவத்தை ஒன்றும் கேட்கவில்லை. கோப்பில் தவறும் இல்லை.

ரூபேந்திரனின் கோப்பு அவர் கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பெக்கோக் பக்கத்துக் கிளினிக் ஒன்றின் டாக்டர் ஃபாயிஸா அவரை அழைத்திருந்தார். முப்பத்து மூன்று வயது, தொண்டி ஊர் வம்சம், ஜோகூர் பாருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"அண்ணே, கதவச் சாத்திட்டு உக்காருங்க," என்றார். "ஒரு தம்பி. இருபத்தேழு வயசு. காய்ச்சல், தொண்ட வலி, மேலெல்லாம் செவந்து போயி வந்தாரு. எல்லாரும் டெங்கின்னு நெனச்சாங்க. நானுந்தான். டெங்கி இல்ல. கழுத்துல நெறி கட்டியிருந்திச்சு. சந்தேகம் வந்து, அவர்கிட்ட கேட்டுட்டு விரல்ல குத்தி எச்.ஐ.வி. பாத்தேன். நெகட்டிவ். எனக்கு மனசு கேக்கல. கையில இரத்தம் எடுத்துப் பெரியாஸ்பத்திரி லேபுக்கு அனுப்பினேன்."

"அங்க என்ன சொல்றாங்க?"

"லேசாக் காட்டுதுன்னு சொல்றாங்க."

சதாசிவத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. விரலில் குத்திப் பார்க்கும் சோதனை, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்குகிற பொருளைத் தேடுவது. அது உண்டாகச் சில வாரங்கள் பிடிக்கும். ஆய்வகத்துச் சோதனை கிருமியின் துணுக்கையும் சேர்த்துத் தேடுவதால் கொஞ்சம் முன்கூட்டியே காட்டிவிடும். லேசாகக் காட்டினால் இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்று, சோதனை தப்பாகக் காட்டுகிறது. இல்லாவிட்டால், கிருமி இப்போதுதான் உள்ளே நுழைந்திருக்கிறது. மறுபடி இரத்தம் எடுக்காமல் எது என்று சொல்ல யாராலும் முடியாது.

"ரெண்டு வாரத்துல வரச் சொன்னேன்," என்றார் டாக்டர். "இன்னைக்கு இருபத்து மூணாவது நாள். ஃபோன் அடிச்சா ஆஃப். இன்னொண்ணும் இருக்கு அண்ணே. அவரு சம்சாரம் மலர், நம்ம கிளினிக்லதான் செக்கப்புக்கு வராங்க. ஆறாம் மாசம். மூணாம் மாசத்துல அவங்களுக்கு எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். கார்டுல முத்திர குத்தியாச்சு. இனிமே அதத் திருப்பி யாரும் பாக்கப் போறதில்ல. இந்த மொத சில வாரத்துலதான் இரத்தத்துல கிருமி கொள்ளையா இருக்கும். இப்ப அவங்களுக்கு ஒட்டிச்சுன்னா வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் போகும்."

"அந்தம்மா எப்ப வருவாங்க?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும் என்னால காத்திருக்க முடியாது."

கோப்பில் இருந்த முகவரி பெக்கோக் டவுனில் ஒரு வீடு. அன்று மத்தியானமே போனார். அது ரூபேந்திரனின் தாய்மாமன் வீடு. மாமன் வாசலில் நின்றபடியே, "அவன் இங்க இல்லீங்க. ஒரு வருஷமா ஜோகூர் பாரு பக்கம், தெப்ராவுல ஃபேக்டரியில இருந்தான். சனி ஞாயிறுதான் பொண்டாட்டியப் பாக்க வருவான். இப்ப வேலைய விட்டுட்டுப் பொண்டாட்டியோட தோட்டத்துப் பக்கம் போயிட்டான். எந்தத் தோட்டம்னு எனக்குச் சொல்லல," என்றார். பையன் ஏதாவது வம்பு செய்துவிட்டானா என்று கேட்டார். காய்ச்சல் கணக்கு எடுக்கிறோம் என்று சதாசிவம் சொன்னார். பொய் அல்ல.

மறுநாள் தவறான தோட்டத்துக்குப் போய்த் திரும்பினார். மூன்றாவது நாள் சரியான இடம் தெரிந்தது. செம்பனைக் காட்டுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் உள்ளே, எண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில், பதினான்கு வீடுகள் ஒட்டி நிற்கும் ஒரு வரிசை. ரூபேந்திரனின் வீடு பதினொன்றாவது.

அந்த மாதிரி இடத்தில் அரசாங்கச் சட்டை போட்ட ஒருவர் நேராகப் பதினொன்றாம் வீட்டுக்குப் போனால், சாயங்காலத்துக்குள் பதிமூன்று வீட்டிலும் பேச்சு நடக்கும். ஆகவே சதாசிவம் டார்ச் விளக்கையும் கரண்டியையும் கண்ணாடிப் புட்டியையும் எடுத்துக்கொண்டு முதல் வீட்டிலிருந்து கொசுச் சோதனையை ஆரம்பித்தார். ஒரு வீட்டுக்குள் மூன்று நிமிஷம் நிற்பதற்காகப் பதினான்கு வீட்டுத் தண்ணீரையும் கிளறுவது அவருக்குப் புதிதில்லை.

நான்காம் வீட்டில் எதிர்பாராதது நடந்தது. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டில் நிஜமாகவே கொசுப்புழு நெளிந்தது. அந்த வீட்டு அங்கம்மா ஆலை கேன்டீனில் சமையல்காரி. சுத்தத்துக்குப் பேர்போனவள்.

"அலமாக்! எங்க வீட்டுலயா? கண்ணாடி போட்டுப் பாருங்க தம்பி!"

அவர் கரண்டியில் அள்ளிக் காட்டினார். அங்கம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. பிறகு அவளே கிளம்பி, வரிசை முழுக்கத் தட்டித் தட்டி, "எல்லாரும் ஐஸ்பெட்டிக்குப் பின்னால பாருங்கடி! ஆபீசர் வராரு!" என்று முன்னால் போனாள். பதினொன்றாம் வீட்டுக்கும் அவளே அழைத்துக்கொண்டு போனாள். அங்கே பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தன் வீட்டைவிட இது சுத்தமாக இருப்பதில் மனம் நொந்து, அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

மலர் பின்கட்டில் மின்விசிறிக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இருபத்து நான்கு வயது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. முன்னறை மூலையில் ஒரு மெத்தை சுருட்டி வைத்திருந்ததைச் சதாசிவம் வரும்போதே பார்த்திருந்தார்.

"வீட்டுக்காரரு வேலைக்கா?" என்று கேட்டார்.

"காலை ஷிஃப்ட். மூணு மணிக்கு விடுவாங்க." அவள் அவரையே பார்த்தாள். "அங்கிள், நீங்க அவரத் தேடித்தானே வந்தீங்க?"

"நான் கொசுவுக்கு வந்தேன்மா."

"அன்னைக்கு கிளினிக்ல அவருக்கு மூணு தடவ இரத்தம் எடுத்தாங்க. பக்கத்துலதான் இருந்தேன். டெங்கிக்கு ஒரு தடவ போதுமாம், மில்லுல வேலை பாக்குற அக்கா சொன்னாங்க."

சதாசிவம் குளியலறைத் தொட்டியில் டார்ச் அடித்தார். பார்த்த தொட்டியையே மறுபடி பார்த்தார்.

"காய்ச்சல்ல படுத்தப்ப, 'உனக்கு டெங்கி வந்துரப் போவுது'ன்னு முன்னறையில படுத்தாரு," என்றாள் மலர். "காய்ச்சல் போயி ஒரு மாசம் ஆவப் போவுது. இன்னும் உள்ள வரல. ஏன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன். அது இல்ல. அவரு எதுக்கோ பயப்படுறாரு."

அவளுக்குச் சொல்ல அவர் வாயில் ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது. அதனால் தொட்டிக்கு மருந்துத் தூள் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். "ஒடம்பப் பாத்துக்கம்மா. செக்கப்புக்குத் தேதி வரைக்கும் காத்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல. எப்ப வேணாலும் கிளினிக்குப் போலாம்," என்றார். எல்லாக் கர்ப்பிணிகளிடமும் அவர் சொல்கிற பேச்சுத்தான் அது. அன்றைக்கு அதைச் சொன்னது சரியா, எல்லை தாண்டியதா என்பது அவருக்கே தெரியவில்லை.

கணக்குப்படி மூன்று தடவை ஆகிவிட்டது. மூன்று மணிக்கு அவர் ஆலை வாசலுக்குப் போனார்.

சீருடைச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுப் பனியனோடு எதிரே இருந்த ஒட்டுத் தேநீர்க்கடையில் உட்கார்ந்தார். வாசலில் காவல் நிற்கும் ஜாகாவிடம் விசாரிக்கவில்லை. அடையாள அட்டை நகலில் பார்த்த முகத்தை வைத்துக்கொண்டு, வெளியே வருகிற ஆட்களை ஒவ்வொருவராகக் கவனித்தார். எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்த ஒல்லியான இளைஞன் மோட்டாரைத் தள்ளியபோது எழுந்து போனார்.

"ரூபேந்திரன் தம்பியா? டாக்டர் ஃபாயிஸா அனுப்பினாங்க."

ரூபேந்திரன் சாவியைத் திருப்பாமல் நின்றான். "காய்ச்சல் போயிருச்சு அண்ணே. இப்ப ஓக்கே லா."

"காய்ச்சல் தன்னால போயிரும் தம்பி. அதுக்கப்புறம் பல வருஷத்துக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதுங்கறதாலதான் நான் வந்தேன்."

இருவரும் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு செம்பனை மர நிழலுக்குப் போனார்கள். ஆலையின் புளித்த எண்ணெய் வாடை அங்கேயும் வந்தது.

"பாசிட்டிவா?" என்றான் ரூபேந்திரன்.

"தெரியாது. எழுதியிருக்கறதே அதுதான், தெரியாதுன்னு. இன்னொரு தடவ எடுத்தா தெரிஞ்சிரும்."

"விரல்ல குத்தினப்ப இல்லன்னாங்களே."

"அது சீக்கிரமாப் பாத்தது. அந்த டெஸ்டுக்கு இன்னும் நாள் வேணும்."

"அப்ப நாள் ஆகட்டும் அண்ணே. பிள்ள பொறக்கட்டும். நானே வரேன். சத்தியமா வரேன்."

இந்த வாக்கைச் சதாசிவம் பல விதமாகக் கேட்டிருக்கிறார். தீபாவளி முடியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும், காண்ட்ராக்ட் முடியட்டும். அவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். வராத பாதியைப் பற்றி அவர் அந்த இளைஞனிடம் பேசவில்லை.

"மருந்து இருக்கு தம்பி. ஒரு நாளைக்கு ஒரு மாத்திர. கவர்மெண்ட் குடுக்குது. சீக்கிரம் ஆரம்பிச்சா எல்லாரையும் போலக் கெழவனாகித்தான் சாவீங்க. இரத்தத்துல கிருமி அடங்கிப்போச்சுன்னா அடுத்தவங்களுக்கும் போகாது. லேட்டாக்கினா அந்தச் சௌகரியம் கொறையும். அவ்வளவுதான் விசயம்."

ரூபேந்திரன் நிலத்தைப் பார்த்தான். "மலர்கிட்ட சொல்லுவீங்களா?"

"நான் சொல்ல முடியாது. சொன்னா என் வேல போயிரும். நீங்கதான் சொல்லணும்."

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோது, தப்பிக்கிற வழியைத் தானே திறந்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரூபேந்திரன் மோட்டாரைக் கிளப்பினான்.

வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை கிளினிக் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சதாசிவம் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். செல்வராணி, "கொசு கூடிப்போச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

திங்கட்கிழமை காலை, வேறு கோப்பு ஒன்றைக் கொடுக்க அவர் கிளினிக்குக்கு வந்தபோது மணி எட்டேகால் இருக்கும். முன்மேசையில் தாதியான மிஸ்ஸி ராஜம்மா இருந்தார். அவருக்கு எதிரே மலர் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒங்க தேதி இது இல்லியேம்மா?" என்று மிஸ்ஸி கர்ப்பிணி அட்டையைப் புரட்டினார்.

"தெரியும் மிஸ்ஸி. மூணாம் மாசத்துல எடுத்த டெஸ்ட்டெல்லாம் திருப்பி எடுக்கணும்."

"எதும்மா? சக்கரையா?"

"எல்லாம்." மலர் மேசைமேல் குனிந்து குரலைத் தணித்தாள். "எச்.ஐ.வி.யும். கேக்கலாம்ல?"

ராஜம்மா முப்பது வருஷ மிஸ்ஸி. முகத்தில் எதையும் காட்டவில்லை. "தாராளமாக் கேக்கலாம்மா. கேக்கறதுக்குத்தான் ஆளில்ல. வீட்டுக்காரரு கூட வந்திருக்காரா?"

"வெளிய மோட்டாருல உக்காந்திருக்காரு. உள்ள வர மாட்டேங்கறாரு."

நடந்தது என்ன என்பதைச் சதாசிவம் பின்னால்தான் தெரிந்துகொண்டார். அன்று காலை பசியாறும்போது மலர் கர்ப்பிணி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறாள். புருஷனிடம் எதையும் கேட்கவில்லை. "நான் இரத்தம் குடுக்கப் போறேன். நீங்க கொண்டுபோயி விடுறீங்களா, இல்ல நான் பஸ்ஸுக்கு நிக்கவா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். ஐந்து கிலோமீட்டர் செம்மண் சாலையில் அவளை நடக்க விட ரூபேந்திரனால் முடியவில்லை.

சதாசிவம் வெளியே போனார். ரூபேந்திரன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். புத்திமதி எதையும் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. "ஒங்களுக்கு நம்பர் எடுத்தாச்சு தம்பி. இருபத்தொண்ணு," என்றார்.

"அவளுக்குமா?"

"அவங்களுக்கு இருபது."

ரூபேந்திரன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு உள்ளே போனான்.

டாக்டர் ஃபாயிஸா அன்றே இரண்டு பேருடைய இரத்தத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். கையோடு கிருமியின் அளவைப் பார்க்கிற சோதனைக்கும் எழுதினார். வியாழக்கிழமை முடிவு வந்தது. ரூபேந்திரனுக்கு இருந்தது. இனிச் சந்தேகம் இல்லை. மலருக்கு இல்லை.

ரூபேந்திரன் மலரிடம் டாக்டர் அறையிலேயே சொன்னான். டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவனே கேட்டுக்கொண்டான். மலர் அழவில்லை என்று டாக்டர் பின்னால் சதாசிவத்திடம் சொன்னார். அவள் முதலில் கேட்ட கேள்வி, தன் முடிவு எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதுதான்.

"சரியான கேள்வி அண்ணே," என்றார் டாக்டர். "மொத டெஸ்ட் முத்திரய நம்பி வேற யாரா இருந்தாலும் சும்மா இருந்திருப்பாங்கல்ல, அத அவங்க நம்பல."

ரூபேந்திரன் மறுநாளே மாத்திரையை ஆரம்பித்தான். மலருக்கு அடுத்த மூன்று மாதத்தில் மூன்று தடவை இரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை ராஜம்மா மிஸ்ஸி அவளைத் தினமும் ஃபோனில் விசாரித்தார். மூன்று தடவையும் இல்லை என்றே வந்தது. ஒரு கெட்ட பயத்தில் அந்த இளைஞன் முன்னறையில் படுத்துக்கொண்டதுதான் அவளைக் காப்பாற்றியது என்பது டாக்டரின் கருத்து. அதற்கு முந்தைய வாரங்களில் அவளுக்கு ஒட்டாமல் போனது வெறும் அதிர்ஷ்டம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஏழாம் மாசத்தில் மலர் பண்டார் தெங்காராவில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்குப் போனாள். பிரசவத்துக்கு என்று வரிசையில் எல்லாரிடமும் சொன்னாள். திரும்பி வருவாளா என்பது ரூபேந்திரனுக்குத் தெரியாது. மாத்திரை வாங்க வந்தபோது அவன் அதைச் சதாசிவத்திடம் சொன்னான். சனிக்கிழமைதோறும் அவன் தெங்காராவுக்குப் போனான். முதல் மாதம் அக்காள் வீட்டுக்காரர் வாசலில் வைத்துப் பேசி அனுப்பினார். இரண்டாவது மாதம் உள்ளே கூப்பிட்டுத் தண்ணி கொடுத்தார்கள்.

பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூட. தாய்க்கு இல்லாததால் குழந்தைக்குச் சோதனை தேவைப்படவில்லை.

அந்த வாரத்தில்தான் ரூபேந்திரனின் கிருமி அளவு, கருவியால் பார்க்க முடியாத மட்டத்துக்கு இறங்கியிருப்பதாக முடிவு வந்தது. தாளை வாங்கிப் படித்தவன், அதுவரை எத்தனை தடவை கேட்டும் சொல்லாத ஒரு பெயரையும் தொலைபேசி எண்ணையும் சதாசிவத்திடம் எழுதிக் கொடுத்தான். "தெப்ராவுல பழக்கம் அண்ணே. நல்ல ஆளுதான். அவங்களுக்கும் தெரியாமத்தான் இருந்திருக்கும்," என்றான். அது ஆணா பெண்ணா என்பது அவன் பேச்சில் தெரியவில்லை. சதாசிவம் கேட்கவும் இல்லை. ஜோகூர் பாரு பக்கத்தில் இதே வேலை பார்க்கும் அப்துல் பாசித்துக்கு அந்தப் பெயரை அனுப்பினார். பாசித் ஒரே நாளில் ஆளைக் கண்டுபிடித்தார். அந்த நபருக்கு எப்போது தொற்றியது என்று சொல்ல முடியாத அளவுக்கு நாள் ஆகியிருந்தது. இருந்தாலும் நடமாட்டத்தில்தான் இருந்தார். மருந்து ஆரம்பித்தார்கள்.

மலர் குழந்தையோடு தோட்டத்துக்குத் திரும்பியது பிரசவம் ஆகித் தொண்ணூறு நாள் கழித்து. அக்காள் சம்மதிக்கவில்லை, அக்காள் புருஷனும் சம்மதிக்கவில்லை, அவளாகத்தான் வந்தாள். என்ன ஒப்பந்தத்தில் வந்தாள் என்பது அவர்கள் இரண்டு பேருக்குள். ஆறாம் மாச ஊசி போடக் கிளினிக்குக்குக் குழந்தையைத் தூக்கி வந்தபோது, அட்டையை நீட்டிவிட்டுத் தனக்கும் ஒரு தடவை எடுத்துவிடச் சொன்னாள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறாளாம்.

"பயமாம்மா?" என்று ராஜம்மா மிஸ்ஸி கேட்டார்.

"பயம் இல்ல மிஸ்ஸி. நம்பிக்கைக்கு."

யார்மேல் நம்பிக்கை என்று ராஜம்மா கேட்கவில்லை. கையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை ஏற்றினார். குழந்தை, கோப்பு கொடுக்க வந்திருந்த சதாசிவத்தின் மடியில் உட்கார்ந்து அவருடைய சட்டைப் பையிலிருந்த பேனாவை இழுத்துக்கொண்டிருந்தது.